0.7 மில்லிமீட்டர் எஃகு

அமெரிக்காவின் பனி மாநிலங்களில், மிச்சிகனிலும் ஒஹாயோவிலும் நியூயார்க்கிலும், பத்துப் பதினைந்து ஆண்டு ஓடிய பிக்கப் வண்டிகளை வைத்திருப்பவர்கள் ஒரே சாயலுள்ள ஒரு புகாரைத் திரும்பத் திரும்பச் சொல்லி வந்திருக்கிறார்கள். வீட்டிலிருந்து கிளம்பும்போது பிரேக் பிடித்தது, வழியில் ஒவ்வொரு சிக்னலிலும் பிடித்தது; முன்னால் போன வண்டி சட்டென்று நின்றதும் ஓங்கி மிதித்தால் பெடல் பிடிமானமே இல்லாமல் கீழே இறங்கிவிட்டது. பிறகு வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தால், சேசிஸை ஒட்டி ஓடும் மெல்லிய எஃகுக் குழாய் துருவேறிக் கிழிந்து பிரேக் ஆயில் சொட்டிக்கொண்டிருக்கும். இங்கே ஒரு முரண் இருக்கிறது. துரு ஓர் இரவில் வருவதில்லை; அந்தக் குழாயை அது பல ஆண்டுகளாகத் தின்றிருக்க வேண்டும். அப்படியானால் பிரேக்கும் கொஞ்சம் கொஞ்சமாகத்தானே மோசமாகியிருக்க வேண்டும்? ஏன் கடைசி நாள்வரை எந்த மாற்றமும் தெரியவில்லை? அதுவும், மிகவும் தேவைப்பட்ட அந்த நொடியில் ஏன் உடைந்தது? இதைத் தலைவிதி என்று விட்டுவிட வேண்டியதில்லை. துருப்பிடித்த பிரேக் குழாய் அவசர நொடியில் உடைவதற்குத் தெளிவான இயற்பியல் காரணம் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால், இந்தப் பழுதுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வியையும் வேறு விதமாகப் பார்க்க வேண்டியிருக்கும்.

பெடலை மிதிக்கும்போது நம் கால் சக்கரத்தை நேரடியாகப் பிடிப்பதில்லை. பெடல் மாஸ்டர் சிலிண்டரில் உள்ள பிஸ்டனைத் தள்ளுகிறது. பிஸ்டன் பிரேக் ஆயிலை அழுத்துகிறது. திரவம் சுருங்காது என்பதால் அந்த அழுத்தம் குழாய் வழியே அப்படியே சக்கரத்துக்குப் போய்ச் சேர்கிறது. 1921இல் வெளிவந்த டூசன்பெர்க் கார் நான்கு சக்கரங்களுக்கும் இந்த முறையைக் கொண்டுவந்தது. அடிப்படை இன்றுவரை மாறவில்லை. இதில் ஓர் அளவை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். சிக்னலைப் பார்த்து நிதானமாக நிறுத்தும்போது குழாய்க்குள் எழும் அழுத்தம் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 20 முதல் 30 கிலோ. குழந்தை குறுக்கே ஓடி வந்து, ஓட்டுநர் உயிரைக் கொடுத்து மிதிக்கும்போது அது 100 கிலோவைத் தாண்டிவிடும். அன்றாட மிதிக்கும் அவசர மிதிக்கும் இடையே நாலு மடங்கு வித்தியாசம். நம் கேள்விக்கான பதிலில் பாதி இந்த நாலு மடங்கில் இருக்கிறது.

மறுபாதி குழாயின் சுவரில் இருக்கிறது. வழக்கமான பிரேக் குழாயின் வெளிவிட்டம் சுமார் 4.75 மில்லிமீட்டர், சுவரின் கனம் 0.7 மில்லிமீட்டர். செம்பு பூசிய மெல்லிய எஃகுத் தகட்டை இரண்டு சுற்றுச் சுருட்டி, உலையில் காய்ச்சி, செம்பு உருகி இரு சுற்றுகளையும் ஒட்டவைக்கும்படி இதைச் செய்கிறார்கள். பார்வைக்கு எளிய பொருள்தான், ஆனால் புதிதாக இருக்கும்போது அபாரமான வலிமை கொண்டது. உள்ளிருக்கும் அழுத்தம் குழாய்ச் சுவரைச் சுற்றுவட்டமாக இழுக்கிறது. அவசர மிதியில்கூடப் புதிய சுவரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டர் எஃகும் தாங்க வேண்டிய இழுவை மூன்று கிலோவைத் தாண்டாது. அந்த எஃகு நிரந்தரமாக நீளத் தொடங்குவதற்கே கிட்டத்தட்ட 18 கிலோ வேண்டும். அறுபட 30 கிலோ அளவுக்கு வேண்டும். தேவையைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலிமை கையிருப்பில் இருக்கிறது. இனி துரு சுவரைத் தின்கிறது என்று வைத்துக்கொள்வோம். சுவர் பாதியானால் இழுவை இரட்டிப்பாகும், அவ்வளவுதான். குழாய்க்கு அது ஒரு பொருட்டே இல்லை. ஓரிடத்தில் வெறும் 0.05 மில்லிமீட்டர், அதாவது தொடக்கக் கனத்தில் பதினான்கில் ஒரு பங்கு, மிஞ்சியிருந்தாலும் சாதாரண மிதியில் அந்த இடம் தாங்க வேண்டியது சதுர மில்லிமீட்டருக்குப் பத்து கிலோதான். அது தாங்கிவிடும். அதே இடத்தில் அவசர மிதி விழுந்தால் 40 கிலோ. எஃகு அறுந்துபோகும். துரு எங்கும் சீராகத் தின்பதாகக் கொண்டு போட்ட தோராயக் கணக்கு இது. உண்மையில் அது குழி குழியாகத் தின்னும், குழியைச் சுற்றியுள்ள கனமான விளிம்பு சற்றுத் துணை நிற்கும். ஆனாலும் கணக்கின் போக்கு மாறாது. தொண்ணூறு விழுக்காட்டுக்கு மேல் கரைந்துபோன குழாய்கூட அன்றாடத்தில் புதுக் குழாயைப் போலவே நடந்துகொள்ளும்.

பெடலில் மாற்றம் தெரியாததன் காரணமும் இதுதான். ஓட்டுநரின் கால் உணர்வது திரவத்தின் அழுத்தத்தை. குழாய்ச் சுவரில் எவ்வளவு எஃகு மிச்சம் என்பதை அல்ல. சுவர் ஓட்டையாகாத வரை அழுத்தம் முழுதாகப் போய்ச் சேரும். தேயும் பொருள்கள் பெரும்பாலும் தேயத் தேய மோசமாக வேலை செய்யும். இந்தக் குழாய் தேயத் தேயச் சரியாகவே வேலை செய்யும், பிறகு வேலையே செய்யாது. அந்த மாற்றம் நிகழ்வது அழுத்தம் உச்சத்தைத் தொடும் தருணத்தில். வாரக்கணக்கில் யாரும் ஓங்கி மிதிக்காமலே போகலாம். அத்தனை நாளும் குழாய் சோதிக்கப்படாமலே தேறிக்கொண்டிருக்கும். ஆபத்து வரும் நாளில்தான் அதற்கு முதல் உண்மையான சோதனை.

எஃகை இப்படிக் குழி பறிப்பது எது? ஈரமும் காற்றும் பட்டால் இரும்பு துருப்பிடிக்கும் என்பது எல்லாருக்கும் தெரிந்ததே. அது இரும்பு முழுவதிலும் ஒரே சீராக நடப்பதில்லை என்பதைக் கண்ணுக்குக் காட்டியவர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் யூலிக் எவன்ஸ். 1920களில் அவர் செய்து காட்டிய பரிசோதனை இன்றும் வகுப்பறையில் செய்யத்தக்க அளவுக்கு எளிமையானது. பளபளப்பாகத் தேய்த்த இரும்புத் தகட்டின்மேல் ஒரு சொட்டு உப்புநீர். அந்த நீரில் நிறம் காட்டும் இரண்டு வேதிப்பொருள்கள். இரும்பு கரையும் இடத்தில் ஒன்று நீலமாகும். காரத்தன்மை உருவாகும் இடத்தில் மற்றொன்று இளஞ்சிவப்பாகும். சற்று நேரத்தில் சொட்டின் நடுப்பகுதி நீலமாகவும் விளிம்பு இளஞ்சிவப்பாகவும் பிரிந்துவிடுகிறது. பின்னர் இரண்டுக்கும் நடுவில் பழுப்பு வளையமாகத் துரு படிகிறது. விளிம்பில் நீர் மெலிதாக இருப்பதால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அங்கே எளிதாகச் சேர்ந்து, இரும்பிலிருந்து எலக்ட்ரான்களை வாங்கிக்கொள்கிறது. அந்த எலக்ட்ரான்களைக் கொடுப்பதற்காக, ஆக்சிஜன் எட்டாத நடுப்பகுதி கரைகிறது. அதாவது ஒரே சொட்டுக்கு அடியில் ஒரு குட்டி மின்கலம் ஓடுகிறது. கரையும் இடம் நேர்மின்வாய், ஆக்சிஜன் வினைபுரியும் இடம் எதிர்மின்வாய். இது வெறும் ஊகமாக நின்றுவிடவில்லை. எவன்ஸும் அவருடன் பணியாற்றிய ஹோரும் இந்த மின்னோட்டத்தை அளந்து 1932இல் வெளியிட்டார்கள். எவ்வளவு மின்சாரம் ஓடியதோ, மின்வேதியியல் விதிப்படி அதற்கு எவ்வளவு இரும்பு கரைய வேண்டுமோ, அவ்வளவே கரைந்திருந்தது. அரிமானம் மின்சார நிகழ்வு என்பது இப்படிக் கணக்கால் உறுதிப்பட்டது.

இந்தச் சோதனையின் விசித்திரமான முடிவை பிரேக் குழாய்க்குப் பொருத்திப் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் குறைந்த இடத்தில்தான் உலோகம் கரைகிறது. திறந்தவெளியில் காற்றாடக் கிடக்கும் பகுதி ஒப்பளவில் தப்பிக்கிறது. சேறு அப்பிய இடமும், குழாயைச் சேசிஸோடு பிடித்து வைக்கும் பிளாஸ்டிக் கிளிப்பின் அடியிலுள்ள இடுக்கும் அழிகின்றன. கண்ணுக்குப் படும் இடம் நன்றாகவும் படாத இடம் மோசமாகவும் இருப்பது இந்த வேதியியலின் நேரடி விளைவு. உப்பு இதில் இரண்டு வேலை செய்கிறது. நீரில் மின்னோட்டம் எளிதாகப் பாய வழி செய்வது ஒன்று. குளோரைடு அயனிகள் இடுக்குகளில் சேர்ந்து அங்குள்ள நீரை அமிலமாக்கி, தொடங்கிய குழி மேலும் மேலும் ஆழமாக வழி செய்வது மற்றொன்று. குழாயின் வெளிப்புறத்தில் துத்தநாகம் கலந்த பூச்சு உண்டுதான். துத்தநாகம் இரும்புக்கு முன்பாகத் தான் கரைந்து இரும்பைக் காக்கும். ஆனால் அது காப்பது தீர்ந்துபோகும் வரைதான்.

அந்த உப்பு அங்கே தற்செயலாக வரவில்லை. சாலையில் உறையும் பனியை உருக்க உப்பைக் கொட்டும் வழக்கத்தை அமெரிக்காவில் முதன்முதலில் 1938இல் பரிசோதித்துப் பார்த்த மாநிலம் நியூ ஹாம்ப்ஷையர். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அது வடகிழக்கு, மத்திய மேற்கு மாநிலங்கள் முழுதும் பரவியது. உப்பு தெளித்த சாலை ஏராளமான உயிர்களைக் காக்கிறது, அதை யாரும் மறுக்க முடியாது. அண்மைய பத்தாண்டுகளில் சாதாரண உப்போடு மெக்னீசியம் குளோரைடும் கால்சியம் குளோரைடும் சேர்ந்துகொண்டன. கடுங்குளிரிலும் அவை பனியை உருக்கும். அவற்றுக்கு இன்னொரு குணமும் உண்டு. சாதாரண உப்பு காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டை எட்டினால்தான் நீரை இழுத்துக் கரையும். இவை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு ஈரப்பதத்திலேயே கரைந்துவிடும். ஆகவே மழையும் பனியும் இல்லாத, பார்வைக்குக் காய்ந்துபோன வசந்த நாளிலும் வண்டியின் அடியில் ஒட்டிய படிவு ஈரமாகவே இருக்கும், மின்கலம் ஓடிக்கொண்டே இருக்கும். குளிர்காலம் முடிந்தால் துருவும் நின்றுவிடும் என்ற எண்ணம் தவறு என்பதற்கு இதுவே காரணம்.

இங்கே நியாயமான ஒரு மறுப்பு எழும். இன்றைய வண்டி எதிலும் பிரேக் ஒரே குழாயை நம்பி இல்லை. அமெரிக்காவில் 1960களின் இறுதியிலிருந்தே கார்களுக்கு இரட்டைச் சுற்று அமைப்பு கட்டாயம். பின்னர் பிக்கப்களிலும் அதுவே நடைமுறை. மாஸ்டர் சிலிண்டர் இரண்டு அறைகளாகப் பிரிந்திருக்கும். பிக்கப்களில் வழக்கமாக ஓர் அறை முன்சக்கரங்களுக்கு, மற்றொன்று பின்சக்கரங்களுக்கு. ஒன்று உடைந்தால் மற்றது நிறுத்தும், எச்சரிக்கை விளக்கும் எரியும். இது உண்மை, இந்த ஏற்பாடு எண்ணற்ற உயிர்களைக் காத்திருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் அது காக்கும் அளவைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். சுமையில்லாத பிக்கப்பில் எடையில் பெரும்பகுதி முன்னால். நிறுத்தும்போது அது மேலும் முன்பக்கம் சாயும். பிரேக் பிடிப்பில் பெரும்பங்கு முன்சக்கரங்களுடையது. முன்சுற்று உடைந்தால் மிஞ்சுவது, எடை குறைந்த பின்சக்கரங்களின் சிறு பிடிப்பு மட்டுமே. பின்சுற்று உடைந்தாலும், நல்ல சுற்று வேலைசெய்யத் தொடங்கும் முன் பெடல் பாதித் தூரத்துக்கு மேல் வெறுமனே இறங்கும். அந்தத் தடுமாற்றத்தில் போகும் நேரம் அவசர நேரத்திலிருந்து கழிகிறது. விளக்கு எரிவதைப் பார்க்கும் நிலையில் ஓட்டுநர் அப்போது இருக்க மாட்டார். இரண்டு சுற்றுகளும் ஒரே வயதுள்ளவை, ஒரே உப்பில் நனைந்தவை என்பதும் இருக்கிறது. தனித்தனிக் காரணங்களால் பழுதாகும் இரண்டு பொருள்கள்தான் ஒன்றுக்கொன்று நம்பகமான காப்பு.

துரு உள்ளிருந்து வருகிறது, ஆயிலை மாற்றாததுதான் காரணம் என்று சொல்வோரும் உண்டு. கிளைக்கால் வகை பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும், பழைய ஆயில் உட்பாகங்களைக் கெடுக்கும், அதை உரிய காலத்தில் மாற்ற வேண்டும், எல்லாம் சரி. ஆனால் உப்பு மாநிலத்து வண்டிகளில் கிழிந்த குழாய்களைப் பார்த்தால் அழிவு வெளியிலிருந்து உள்ளே போயிருப்பது தெரியும். உள் ஈரம்தான் காரணமென்றால் புகார்கள் உப்புத் தெளிக்கும் மாநிலங்களில் குவிந்திருக்க வேண்டிய அவசியமில்லை. குழாய் வெடிக்கும் முன் ஊசித்துளையில் கசிந்து எச்சரிக்காதா என்றும் கேட்கலாம். சில குழாய்கள் அப்படி எச்சரிக்கவும் செய்கின்றன. தொட்டியில் ஆயில் இறங்குகிறது, வண்டி நின்ற இடத்தில் ஈரம் தெரிகிறது. அப்படிக் கசிந்த வண்டியின் உரிமையாளர் அதிர்ஷ்டசாலி. எல்லாக் குழாயும் அந்த அவகாசத்தைத் தருவதில்லை.

இந்தப் பழுது பெரிய அளவில் விசாரிக்கப்பட்டது ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளின் விஷயத்தில். 1999 முதல் 2003 வரையிலான மாடல்கள்: ஷெவர்லே சில்வராடோ, ஜி.எம்.சி. சியரா பிக்கப்களும், அதே சேசிஸில் அமைந்த பெரிய எஸ்.யூ.வி.களும், மொத்தம் 50 லட்சம் வண்டிகள் அளவில். அமெரிக்காவின் தேசிய நெடுஞ்சாலைப் போக்குவரத்துப் பாதுகாப்பு நிர்வாகம் 2010இல் விசாரணையைத் தொடங்கியது. ஆயிரக்கணக்கான புகார்களும் நூற்றுக்கு மேற்பட்ட மோதல்களும் பதிவாயின. 2015 ஏப்ரலில், வண்டிகளைத் திரும்ப அழைக்க உத்தரவிடாமலே விசாரணை முடித்து வைக்கப்பட்டது. வயதாகி உப்பில் கிடந்த வண்டிகளின் இறுதிக்காலத் தேய்மானம் இது, அதே வயதுள்ள பிற நிறுவன வண்டிகளிலும் காணப்படுகிறது, ஒரு நிறுவனத்தின் தயாரிப்புக் குறை என்று சொல்ல முடியாது என்பது நிர்வாகத்தின் முடிவு. கூடவே பொதுமக்களுக்கு ஓர் அறிவுரையும் வந்தது: குளிர்காலத்தில் வண்டியின் அடிப்பாகத்தைத் தவறாமல் கழுவுங்கள், ஏழு ஆண்டுக்கு மேற்பட்ட வண்டிகளின் குழாய்களைச் சோதியுங்கள், துரு செதிலாக உதிர்ந்தால் ஒரு துண்டை மட்டும் மாற்றாமல் முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். அறிவுரை நல்லது. கடைசி வரி மிகவும் நல்லது, ஏனெனில் உடைந்த துண்டுக்குப் பக்கத்துத் துண்டும் அதே வயதுள்ளதுதான்.

ஆனால் தேய்மானம் என்ற முடிவோடு என்னால் முழுமையாக உடன்பட முடியவில்லை. பிற நிறுவன வண்டிகளிலும் நடக்கிறது என்பது ஒரு நிறுவனத்தின் பழியைக் குறைக்கலாம். பழுதின் தன்மையை அது மாற்றாது. பிரேக் பேடும் தேய்கிறது. அது தேய்ந்து தீரும் முன் கீச்சென்று கத்த ஒரு தகட்டை அதிலேயே பொருத்தி வைத்திருக்கிறார்கள். டயரின் பள்ளங்களுக்குள் தேய்மானக் கோடு இருக்கிறது. இவற்றைப் பராமரிப்பது உரிமையாளர் கடமை என்று சொல்ல உரிமையுண்டு, ஏனெனில் அவரிடம் தகவல் போய்ச் சேர்கிறது. குழாய் அப்படியில்லை. மேலே கண்ட கணக்கின்படி, அதன் நிலையைக் காலால் உணர முடியாது. கண்ணால் பார்ப்பதும் எளிதல்ல. இந்த பிக்கப்களில் குழாய்கள் சேசிஸ் சட்டத்தின் உட்பக்கமாக, எரிபொருள் டேங்க்குக்கு மேலாக ஓடுகின்றன. சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். கருவி ஓட்டுநர் இருக்கைக்கு நேர் கீழே சட்டத்தில் இருப்பதால், முன்சக்கரத்துக்குப் போகும் ஆயில்கூட மாஸ்டர் சிலிண்டரிலிருந்து அங்கே இறங்கி மறுபடி முன்னுக்குப் போக வேண்டும். மிச்சிகன், ஒஹாயோ, மினசோட்டா ஆகிய பனி மாநிலங்களில் கார்களுக்கும் பிக்கப்களுக்கும் ஆண்டுதோறும் பாதுகாப்புச் சோதனை என்ற சட்டமே இல்லை. தகவல் தராத ஒரு பாகத்தின் பராமரிப்பை, பார்க்க வழியில்லாத ஒருவரின் தலையில் வைப்பது நியாயமாகப் படவில்லை.

எந்த உலோகமும் என்றென்றைக்கும் நிலைக்காது, மலிவான வண்டிக்கு வேறு வழி ஏது என்று கேட்டால், வழி அப்போதே இருந்தது. உப்புச் சாலைகளுக்குப் பேர்போன சுவீடனின் வால்வோ 1976 முதலே செம்பு-நிக்கல் கலவைக் குழாய்க்கு மாறிவிட்டது. ஏறத்தாழ பத்து விழுக்காடு நிக்கலும் சிறிதளவு இரும்பும் கலந்த செம்பு அது. கப்பல்களில் கடல்நீர் ஓடும் குழாய்களுக்குப் பல காலமாகப் பயன்படுவது. விலை கூடுதல்தான். எஃகே வேண்டுமென்றாலும் துத்தநாகப் பூச்சுக்கு மேல் நைலான் உறை போட்ட குழாய்கள் உண்டு. கல் பட்டு உறை கிழியாத வரை நீடிக்கும். சில அடிக் குழாயின் விலையில் வரும் வித்தியாசத்தை, ஒரு வண்டி பதினைந்து குளிர்காலம் ஓடுவதோடு சேர்த்து எடைபோட வேண்டும்.

ஏற்கெனவே ஓடிக்கொண்டிருக்கும் வண்டிகளுக்கு மிஞ்சுவது சோதனை. பிரிட்டனின் ஆண்டுச் சோதனையில் குழாய்ச் சுவர் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்திருந்தாலே தள்ளிவிடும் வழக்கம் உண்டு. பதினான்கில் ஒரு பங்கு மிஞ்சினாலும் தாங்கும் என்று கணக்குச் சொல்லும்போது இது மிகைக் கண்டிப்பாகத் தோன்றலாம். அப்படியல்ல. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைப்பது. செதிலின் அடியில் குழி எவ்வளவு ஆழம் என்று எந்தச் சோதகராலும் கண்ணால் சொல்ல முடியாது. மூன்றில் ஒரு பங்கு தெரியும்படி போயிருந்தால், தெரியாத எங்கோ முழுவதும் போயிருக்கலாம். இன்னொரு வழி, வண்டியை நிறுத்தி, என்ஜினை ஓடவிட்டு, பெடலை முழு பலத்தோடு மிதித்துப் பிடித்திருப்பது. அவசர நாளின் அழுத்தத்தைப் பட்டறைக்குள்ளேயே வரவழைப்பது அது. நம் சமையலறை கேஸ் சிலிண்டரும் இந்தத் தத்துவத்தில்தான் புழங்குகிறது: பயன்பாட்டு அழுத்தத்தைவிட அதிக அழுத்தத்தில் சோதித்து, அடுத்த சோதனை எந்தக் காலாண்டில் என்பதைக் கழுத்துத் தகட்டில் ஏ, பி, சி, டி என்ற எழுத்தோடும் ஆண்டோடும் குறித்து அனுப்புகிறார்கள். ஓங்கி மிதித்ததால்தானே குழாய் உடைந்தது என்று பட்டறைக்காரரிடம் சண்டை பிடிப்பவர்கள் உண்டு. அங்கே உடைந்த குழாய் சாலையில் உடைய இருந்த குழாய். ஆனால் இந்த மிதியில் தேறிய குழாய் அன்றைக்குத் தேறியது, அவ்வளவே. குழி ஆழமாவது நிற்கவில்லை. உப்புச் சாலையில் ஓடும் பழைய பிக்கப்புக்கு இந்தச் சோதனையும், விளக்குப் பிடித்து அடியில் படுத்துப் பார்ப்பதும், ஒவ்வொரு குளிர்காலத்துக்குப் பிறகும் தேவை. செதில் கண்ட ஆண்டில் முழுக் குழாயும் மாற வேண்டும், முடிந்தால் செம்பு-நிக்கலுக்கு.